பணம் இல்லை என்று யாரிடம் சொல்கிறார்கள்?

(ஆய்வு மாணவர்களின் வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



அமெரிக்காவில் மாற்றுத்திறனாளி குழந்தைகளின் கல்விக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, யார் அதை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று பேசப்போகிறேன் என்றதும் ஒரு தோழர் கேட்டார், "நம்ம ஊர்ல பேசுறதுக்கு ஆயிரம் இருக்கு, அமெரிக்கா எதுக்கு?" என்று. நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாக அண்ணல் அம்பேத்கரிடமிருந்தே தொடங்குகிறேன்.

1927 மார்ச்சில் பம்பாய் சட்டமன்றத்தில் கல்வி மானியக் கோரிக்கை மீது அம்பேத்கர் பேசினார். அந்தப் பேச்சில் அவர் செய்த முதல் வேலை ஒரு கணக்கு. மாகாணத்தில் ஓர் ஆளுக்கு அரசு கல்விக்காக எவ்வளவு செலவழிக்கிறது, அதே ஆளிடமிருந்து கலால் வரியாக எவ்வளவு வசூலிக்கிறது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்தார். குடியிலிருந்து எடுக்கிற அளவுக்காவது படிப்புக்குக் கொடுங்கள் என்றார். இரண்டாவதாக இன்னொன்றும் சொன்னார். ஏற்கெனவே கீழே தள்ளப்பட்டவர்களையும் மேலே இருப்பவர்களையும் ஒரே மாதிரி நடத்தினால் சமத்துவம் வராது. கீழே இருப்பவர்களுக்குக் கூடுதலாகக் கொடுத்தால்தான் வரும் என்றார். கூடுதல் தேவை உள்ளவருக்குக் கூடுதல் பணம். இந்தக் கொள்கையைப் பள்ளிக் கல்வியில் நாடு முழுவதற்கும் சட்டமாக எழுதிய இடங்களில் ஒன்று அமெரிக்கச் சிறப்புக் கல்வி. சட்டமாக எழுதிய பிறகு அதைக் கணக்கு நோட்டில் எப்படித் தோற்கடித்தார்கள் என்பதையும் அங்கேதான் தெளிவாகப் பார்க்க முடிகிறது. அதனால்தான் அமெரிக்கா.

முதலில் ஒரு விளக்கம். அங்கே 'பள்ளி மாவட்டம்' என்றால் நம்முடைய வருவாய் மாவட்டம், கல்வி மாவட்டம் மாதிரி நினைத்துக்கொள்ளாதீர்கள். அது பெரும்பாலும் ஒரு தனி உள்ளாட்சி அமைப்பு. தனியாகத் தேர்தல் நடத்தி, தனி வாரியம் அமைத்து, தன் எல்லைக்குள் இருக்கும் வீடு, கடை, நிலத்தின் மீதான சொத்து வரியில் பள்ளி நடத்துகிறது. நாடு முழுவதும் ஏறத்தாழ 13,000 பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. மொத்தப் பள்ளிச் செலவில் ஒன்றிய அரசின் பங்கு சாதாரண ஆண்டுகளில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டுவதில்லை. மீதியை மாநிலமும் பள்ளி மாவட்டமும் ஏறக்குறையப் பாதிப் பாதியாகப் பார்த்துக்கொள்கின்றன. எல்லைக்கோடு எங்கே போடப்பட்டிருக்கிறதோ அங்கே பணமும் நின்றுவிடும். கறுப்பின மக்களுக்கு எந்தத் தெருவில் வீடு விற்கலாம், எந்தத் தெருவில் கூடாது என்று பல பத்தாண்டுகள் தீர்மானித்த நாட்டில், வீட்டு மதிப்பை வைத்துப் பள்ளி நடத்தினால் என்ன ஆகும் என்று ஊர்த்தெரு, சேரி பார்த்து வளர்ந்த நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இனி வழக்குக்கு வருகிறேன். 1954இல் பிரவுன் வழக்கில் கறுப்பினக் குழந்தைகளைத் தனிப் பள்ளியில் வைப்பது சட்டவிரோதம் என்று தீர்ப்பு வந்தது நமக்குத் தெரியும். அந்தத் தீர்ப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் மாற்றுத்திறனாளி குழந்தைகளின் பெற்றோர் நீதிமன்றம் போனார்கள். 1971இல் பென்சில்வேனியாவில் ஒரு வழக்கு. 1972இல் தலைநகர் வாஷிங்டனில் மில்ஸ் வழக்கு. இந்த மில்ஸ் வழக்கை நம் தோழர்கள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும் என்பேன்.

பீட்டர் மில்ஸ் 12 வயதுக் கறுப்பினச் சிறுவன். நான்காம் வகுப்பு. நடத்தை சரியில்லை என்று பள்ளியிலிருந்து வெளியே அனுப்பிவிட்டார்கள். விசாரணை இல்லை, மாற்று ஏற்பாடு இல்லை. அவனோடு சேர்த்து வழக்குத் தொடுத்த குழந்தைகள் மொத்தம் ஏழு பேர். ஏழு பேரும் கறுப்பினக் குழந்தைகள். நகரத்தில் இப்படிச் சிறப்புத் தேவை உள்ள குழந்தைகள் ஏறத்தாழ 22,000 பேர் இருப்பதாகவும் அவர்களில் பெரும்பாலானோருக்கு எந்தச் சிறப்புக் கல்வியும் கிடைக்கவில்லை என்றும் நீதிமன்றத்தில் பதிவானது. கல்வி வாரியம் இதை மறுக்கவில்லை. "செய்ய வேண்டியதுதான், ஆனால் பணம் இல்லை. நாடாளுமன்றம் கூடுதலாகக் கொடுத்தால் செய்கிறோம்" என்றது.

நீதிபதி ஜோசப் வாடி சொன்ன பதிலின் சாரம் இது: எல்லாத் தேவைக்கும் போதுமான பணம் இல்லை என்றால், இருக்கிற பணத்தை எந்தக் குழந்தையும் முழுக்க வெளியே தள்ளப்படாதபடி பகிர்ந்து செலவழிக்க வேண்டும். நிதிப் பற்றாக்குறையோ நிர்வாகக் குளறுபடியோ, அதன் சுமை மற்றக் குழந்தையைவிட மாற்றுத்திறனாளி குழந்தையின் மீது அதிகமாக விழக் கூடாது.

கவனியுங்கள், பணம் இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. பற்றாக்குறை உண்மையாகவே இருக்கலாம். அது யார் தலையில் விழுகிறது என்பதைத்தான் கேட்டார். நம் ஊரில் "நிதி இல்லை" என்று ஓர் அதிகாரி சொன்னால் நாம் உடனே "இருக்கிறது, நீங்கள் பொய் சொல்கிறீர்கள்" என்று வாதாடப் போவோம். சில நேரம் அது பொய்யாகவும் இருக்கும். ஆனால் வாதத்தை மில்ஸ் தீர்ப்பு தொடங்கிய இடத்தில் தொடங்கினால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு அதிகாரி தப்பிக்க முடியாது.

இந்த இரண்டு வழக்குகளின் தொடர்ச்சியாக 1975இல் சட்டம் வந்தது. நாட்டில் 80 லட்சத்துக்கு மேல் மாற்றுத்திறனாளி குழந்தைகள் இருக்கிறார்கள், பாதிக்கு மேற்பட்டோருக்கு முறையான கல்வி இல்லை, 10 லட்சம் பேர் பள்ளிக்கே வெளியே இருக்கிறார்கள் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதினார்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் அதன் தேவைக்கேற்ற இலவசக் கல்வி. ஒவ்வொரு குழந்தைக்கும் பெற்றோரும் ஆசிரியரும் உட்கார்ந்து எழுதும் தனித் திட்டம். அதில் வாரத்துக்கு இத்தனை மணி நேரம் பேச்சுப் பயிற்சி என்று எழுதிவிட்டால் பள்ளி மாவட்டம் கொடுத்தே ஆக வேண்டும். இந்தச் சட்டத்தின் இன்றைய பெயர்ச் சுருக்கம் 'ஐடியா'.

சரி, பணம்? மாற்றுத்திறனாளி குழந்தையைப் படிக்க வைக்க மற்றக் குழந்தையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு செலவாகும் என்பது அன்றைய கணக்கு. (1999-2000இல் நாடு தழுவிய ஆய்வு ஒன்று செய்தபோதும் 1.9 மடங்கு என்றுதான் வந்தது.) அதாவது ஒரு குழந்தையின் சராசரிச் செலவு இன்னொரு முறை தேவை. அந்தக் கூடுதலில் 40 சதவீதம் வரை ஒன்றிய அரசு தரும் என்று எழுதினார்கள். 1978இல் 5 சதவீதத்தில் தொடங்கி, படிப்படியாக ஏறி, 1982இல் 40 ஆக வேண்டும். கையெழுத்துப் போட்ட குடியரசுத் தலைவர் ஃபோர்டு, அரசால் கொடுக்க முடிவதைவிட அதிகமாக இந்தச் சட்டம் வாக்குறுதி தருகிறது என்று கையெழுத்துப் போட்ட அன்றே அறிக்கையும் விட்டார். கொடுக்கப் போவதில்லை என்று தெரிந்தே கொடுத்த வாக்குறுதி.

அந்த 40 சதவீதம் ஒரே ஓர் ஆண்டுகூட வரவில்லை. 2009இல் பொருளாதாரச் சரிவுக்கான ஊக்க நிதி சேர்ந்தபோதுதான் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கை நெருங்கியது. அண்மை ஆண்டுகளில் 15 சதவீதத்துக்கும் கீழே. 2022-23இல் இந்தச் சட்டத்தின் கீழ் படித்தவர்கள் ஏறத்தாழ 75 லட்சம் பேர், மொத்த அரசுப் பள்ளி மாணவர்களில் 15 சதவீதம். ஒன்றிய மானியம் ஏறத்தாழ 1,420 கோடி டாலர். வகுத்துப் பாருங்கள், தலைக்குச் சுமார் 1,900 டாலர். அமெரிக்காவில் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவருக்குக் கொடுக்கும் சம்பளத்தை நினைத்தால் இது எத்தனை வாரத்துக்கு வரும் என்று நீங்களே சொல்லுங்கள்.

இந்த இடத்தில் இன்னொரு தீர்ப்பைப் பக்கத்தில் வைக்க வேண்டும். அமெரிக்கக் கல்வி பற்றி எழுதுபவர்கள் இந்த இரண்டையும் வேறு வேறு அத்தியாயங்களில் எழுதுவார்கள். நான் சேர்த்துத்தான் படிக்கச் சொல்வேன். 1973, சான் அன்டோனியோ வழக்கு. டெக்சாஸில் ஒரே நகரத்துக்குள் இரண்டு பள்ளி மாவட்டங்கள். எட்ஜ்வுட் மெக்சிக வம்சாவளி ஏழை மக்கள் வாழும் பகுதி. அலமோ ஹைட்ஸ் வசதியான வெள்ளையர் பகுதி. எட்ஜ்வுட் மக்கள் 100 டாலர் சொத்து மதிப்புக்கு 1.05 டாலர் வரி கட்டினார்கள். அலமோ ஹைட்ஸ் 85 சென்ட்தான் கட்டியது. அந்த உள்ளூர் வரியால் எட்ஜ்வுட்டில் ஒரு மாணவருக்குக் கிடைத்தது 26 டாலர். அலமோ ஹைட்ஸில் 333 டாலர். ஏழைகள் அதிக விகிதத்தில் வரி கட்டி, பத்தில் ஒரு பங்குகூடப் பெறவில்லை. டெமெட்ரியோ ரோட்ரிகஸ் என்ற தந்தையும் மற்றப் பெற்றோரும் வழக்குப் போட்டார்கள். உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் கைவிரித்தது. கல்வி என்பது ஒன்றிய அரசமைப்புச் சட்டம் உறுதி செய்யும் அடிப்படை உரிமை அல்ல, சொத்து வரியால் வரும் ஏற்றத்தாழ்வு அந்தச் சட்டத்துக்கு விரோதமும் அல்ல என்றது.

1973இல் இந்தத் தீர்ப்பு, 1975இல் அந்தச் சட்டம். எட்ஜ்வுட்டுக்கும் அலமோ ஹைட்ஸுக்கும் கடமை ஒன்றுதான், பை மட்டும் வேறு வேறு. பின்னாளில் மாநில நீதிமன்றங்களில் போராடிச் சில மாநிலங்களில் பையின் அளவைக் கொஞ்சம் சரி செய்தார்கள் என்பது உண்மை. ஆனால் அடிப்படைக் கட்டுமானம் அதே. ஒரு பள்ளி மாவட்டம் 'செலவாகிறது' என்று குழந்தையைத் திருப்பி அனுப்பச் சட்டத்தில் இடமில்லை. 1999இல்கூட, சுவாசக் கருவியோடு பள்ளிக்கு வந்த மாணவனுக்குச் செவிலியர் வைக்க முடியாது, செலவு அதிகம் என்று அயோவா மாநிலத்தின் ஒரு பள்ளி மாவட்டம் வாதாடியபோது, செலவு இங்கே அளவுகோல் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 7-2 என்று தீர்ப்புச் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் அந்தச் செவிலியருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும் என்பதை எந்தத் தீர்ப்பும் சொல்லாது. வாசலில் வைத்துத் திருப்பி அனுப்ப முடியாத பள்ளி மாவட்டம் வேறு வழி தேடும். அந்த வழிகள் கணக்கில் இருக்கின்றன.

மாநில அரசு சிறப்புக் கல்விக்குப் பணம் கொடுக்கப் பல சூத்திரங்கள் உண்டு. அலுப்பான விஷயம் என்று தூங்கிவிடாதீர்கள், இதில்தான் எல்லாம் இருக்கிறது. சில மாநிலங்களில் சிறப்புக் கல்வியில் எத்தனை பேர் என்று எண்ணிப் பணம் தருவார்கள். அப்போது எண்ணிக்கையைக் கூட்டினால் வரவு கூடும். கலிபோர்னியா மாதிரி மாநிலங்களில் மொத்த மாணவர் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் பணம். அவர்களில் எத்தனை பேர் மாற்றுத்திறனாளிகள் என்று பார்ப்பதில்லை. அப்போது அடையாளம் காணும் ஒவ்வொரு குழந்தையும் நஷ்டம். டெக்சாஸ் பல ஆண்டுகள் குழந்தை எந்த அறையில் உட்காருகிறது என்பதை வைத்துப் பணம் கொடுத்தது. பொது வகுப்பில் மற்றவர்களோடு உட்கார்ந்தால் ஒரு கணக்கு, தனி அறை என்றால் இன்னொரு கணக்கு. ஒன்றிய மானியத்தையும் 1997 திருத்தத்துக்குப் பிறகு பெரும்பாலும் மாநிலத்தின் குழந்தைகள் தொகையையும் வறுமையையும் வைத்தே பிரிக்கிறார்கள். மாசசூசெட்ஸில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. ஒரு குழந்தைக்கான செலவு மாநிலத்தின் அடிப்படைத் தொகையைப் போல நான்கு மடங்கைத் தாண்டினால், தாண்டியதில் 75 சதவீதம் வரை மாநிலம் ஏற்கும். மின்சாரம் எகிறினால் இணைப்பைத் துண்டிக்கும் கருவியின் பெயரையே, 'சர்க்யூட் பிரேக்கர்' என்று, அதற்கு வைத்திருக்கிறார்கள். அதிகச் செலவுள்ள ஒரு குழந்தை வந்ததும் ஒரு சின்ன ஊர்ப் பள்ளியின் பட்ஜெட்டே எரிந்துபோகாமல் அது காக்கிறது.

சூத்திரம் குழந்தையை என்ன செய்யும் என்று பார்க்க டெக்சாஸுக்கே திரும்பிப் போவோம். 2003இல் அந்த மாநிலத்தில் பெரிய பட்ஜெட் பற்றாக்குறை. 2004இல் மாநிலக் கல்வி முகமை பள்ளி மாவட்டங்களை மதிப்பிடும் அளவீடுகளில் புதிதாக ஒரு எண்ணைச் சேர்த்தது. 8.5. சிறப்புக் கல்வியில் இருக்கும் மாணவர்கள் 8.5 சதவீதத்துக்குள் இருந்தால் நல்ல மதிப்பெண். தாண்டினால் மதிப்பெண் குறையும், கண்காணிப்பு வரும், திருத்த நடவடிக்கை எழுதிக் கொடுக்க வேண்டி வரும். அப்போது தேசிய சராசரி 13 சதவீதத்தை ஒட்டி இருந்தது. 8.5 எந்த ஆய்விலிருந்தும் வந்த எண் அல்ல. யாரும் சட்டம் இயற்றவில்லை, பேரவையில் விவாதம் இல்லை, எந்தக் குழந்தைக்கும் "உனக்கு இல்லை" என்று கடிதம் போகவில்லை. மதிப்பீட்டுப் படிவத்தில் ஒரு கட்டம், அதில் ஓர் எண். அவ்வளவுதான்.

கீழே இருப்பவர்கள் புரிந்துகொண்டார்கள். பிள்ளைக்குப் படிப்பு வரவில்லை, பரிசோதனை செய்யுங்கள் என்று கேட்ட பெற்றோரிடம் "முதலில் வகுப்பிலேயே கொஞ்ச நாள் உதவி செய்து பார்ப்போம்" என்றார்கள். அந்தக் கொஞ்ச நாள் ஆண்டுக் கணக்கில் போனது. வாசிப்புக் குறைபாடு உள்ள பிள்ளைகளை உரிமைகள் குறைந்த வேறு திட்டத்துக்கு மாற்றினார்கள். ஸ்பானிய மொழி பேசும் வீட்டுப் பிள்ளை என்றால் "மொழிதான் பிரச்சினை, வேறொன்றும் இல்லை" என்று அனுப்பினார்கள். 2004இல் 11.6 சதவீதமாக இருந்தது 2016இல் 8.6க்கு வந்து நின்றது. அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே. மாநிலத்தின் மொத்த மாணவர் எண்ணிக்கை அதே காலத்தில் பல லட்சம் கூடியிருந்தது. ஹூஸ்டன் கிரானிக்கிள் நாளிதழ் 2016இல் வெளிக்கொண்டுவரும் வரை மாநிலத்துக்கு வெளியே யாருக்கும் இது பெரிதாகத் தெரியாது. 2017இல் அந்த அளவீட்டை எடுத்தார்கள். 2018 ஜனவரியில் ஒன்றியக் கல்வித் துறை, டெக்சாஸ் சட்டத்தை மீறியது என்று அறிவித்தது. எண்ணை எடுத்ததும் சிறப்புக் கல்வியில் சேர்ந்தவர்கள் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. ஆனால் 2004இல் ஆறு வயதில் முதல் வகுப்பில் இருந்த பிள்ளைக்கு 2016இல் பதினெட்டு வயது.

இதே கதையில் இன்னொரு கிளை உண்டு. சிறப்புக் கல்விக்கு முந்தைய ஆண்டு செலவழித்ததைவிட மாநிலம் குறைத்துச் செலவழிக்கக் கூடாது என்று சட்டத்தில் ஒரு விதி. டெக்சாஸ் ஓர் ஆண்டு 3.33 கோடி டாலர் குறைத்தது. கேட்டபோது, எங்கள் சூத்திரப்படி குழந்தைகளின் தேவை குறைந்துவிட்டது, அதனால் பணமும் குறைந்தது என்றது. தேவையைக் குறைத்தது யார்? அந்த வாதத்தை 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. குறைத்த அதே தொகையை ஒன்றிய மானியத்தில் இழக்க வேண்டி வந்தது.

டெக்சாஸில் உள்ளே விடாமல் செய்ததை கலிபோர்னியா அதற்கு முன்பே தலைகீழாகச் செய்திருந்தது. 1971இல் சான் பிரான்சிஸ்கோ பள்ளிகளில் கறுப்பினக் குழந்தைகள் 28.5 சதவீதம். ஆனால் 'மனவளர்ச்சி குன்றியவர்கள்' என்று முத்திரை குத்தி வைத்திருந்த தனி வகுப்புகளில் அவர்கள் 66 சதவீதம். நுண்ணறிவுத் தேர்வு என்ற ஒரு தேர்வைக் காட்டி அங்கே அனுப்பினார்கள். லாரி பி. என்ற பெயரில் நடந்த வழக்கில் 1979இல் நீதிபதி பெக்காம் அந்தத் தேர்வை அந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தத் தடை விதித்தார். பள்ளி வாசலில் பிரவுன் தீர்ப்பு, பள்ளிக்குள்ளே தனி வகுப்பறை. பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கலாம் என்று சட்டம் வந்த பிறகும் டீக்கடையில் தனி டம்ளர் இருந்ததே, அதுதான்.

டெக்சாஸில் 'குறைவு', கலிபோர்னியாவில் 'அதிகம்'. எது உண்மை என்று ஆய்வாளர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். எனக்கு இரண்டும் ஒரே வேலையாகத்தான் தெரிகிறது. முத்திரை குத்தினால் சிகிச்சையும் பயிற்றுநரும் கிடைக்கும் என்ற இடத்தில் ஏழைக் குழந்தைக்கு முத்திரை கிடைப்பதில்லை. முத்திரை குத்தினால் தனி அறைதான் கிடைக்கும் என்ற இடத்தில் தாராளமாகக் கிடைக்கிறது. 2004 திருத்தத்துக்குப் பிறகு இனவாரியான ஏற்றத்தாழ்வு மிக அதிகமாக இருக்கும் பள்ளி மாவட்டம் தன் ஒன்றிய மானியத்தில் 15 சதவீதத்தை அதைச் சரிசெய்ய ஒதுக்கியாக வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். தலைக்கு 1,900 டாலரில் அதையும்.

ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிறப்புக் கல்விக்கு வரும் மானியம் போதாதபோது பள்ளி மாவட்டம் பொது நிதியிலிருந்து எடுத்து நிரப்புகிறது. கலிபோர்னியாவில் கணக்கு அதிகாரிகள் இதற்கு வைத்திருந்த சொல் 'என்க்ரோச்மென்ட்'. ஆக்கிரமிப்பு. அரசு கொடுக்க வேண்டியதைக் கொடுக்காததால் ஏற்பட்ட பள்ளத்துக்கு, மாற்றுத்திறனாளி குழந்தைகள் மற்றக் குழந்தைகளின் பணத்தை ஆக்கிரமித்துவிட்டார்கள் என்று பெயர். கூவம் கரையில் மூன்று தலைமுறையாக இருந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் தூக்கிப் போட்டபோது கோப்பில் எழுதிய அதே சொல். பட்ஜெட் கூட்டத்தில் இந்தச் சொல் விழுந்துவிட்டால் போதும். இசை வகுப்பு நின்றதற்கும் விளையாட்டு ஆசிரியர் போனதற்கும் சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைதான் காரணம் என்று மற்றப் பெற்றோர் அந்தப் பிள்ளையின் அம்மாவைத் திரும்பிப் பார்ப்பார்கள். 40 சதவீதம் தருகிறேன் என்று சொன்னவர்கள் அந்த அறையில் இருக்கவே மாட்டார்கள்.

உரிமையைக் கேட்டு வாங்குவது யார் என்பதிலும் இதே பிரிவினை. பள்ளி மாவட்டம் தகுந்த கல்வி தரவில்லை என்றால் பெற்றோர் தனியார் பள்ளியில் சேர்த்துவிட்டு, பிறகு வழக்குப் போட்டுக் கட்டணத்தைத் திரும்பப் பெறலாம் என்று 1993இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. முதலில் கையிலிருந்து கட்ட முடிந்தவருக்கு இது நல்ல தீர்ப்பு. நியூயார்க் நகரம் இந்த வகையில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான மில்லியன் டாலர்களைக் கொடுக்கிறது. 2005இல், பள்ளியின் திட்டம் போதாது என்று பெற்றோர் வழக்கைத் தொடங்கினால் அதை நிரூபிக்கும் பொறுப்பு பெற்றோருடையதே என்று தீர்ப்பு. நிரூபிக்க நிபுணர் வேண்டுமே? 2006இல் ஒரு குடும்பம் வழக்கில் ஜெயித்த பிறகு நிபுணருக்குக் கொடுத்த 29,350 டாலரைக் கேட்டது. கிடையாது என்றார்கள். இரண்டு வேலை பார்க்கும் தனித் தாய் ஒருவர் இந்தப் படிகளில் எத்தனையாவது படியில் நின்றுவிடுவார்?

இப்போது அங்கே ஓடிக்கொண்டிருக்கும் பேச்சு இன்னும் மோசம். 2023இல் வலதுசாரிகள் வெளியிட்ட 'புராஜெக்ட் 2025' ஆவணம், ஐடியா சட்டத்தின் பெரும்பகுதி நிதியை நிபந்தனை எதுவும் இல்லாத மொத்த மானியமாக மாற்றச் சொன்னது. 2025 மார்ச்சில் ஒன்றியக் கல்வித் துறையையே மூடுவதற்கான ஆணையில் டிரம்ப் கையெழுத்திட்டார். மாநில உரிமை என்ற சொல் நம் காதுக்கு இனிமையானது. ஆனால் டெக்சாஸில் 8.5ஐ வைத்தது மாநிலம். அதைச் சட்டமீறல் என்று சொல்ல ஒன்றியத் துறை ஒன்று இருந்தது. நிபந்தனை இல்லாத பணம் என்றால் அந்தக் கேள்வியைக் கேட்க யாருமில்லை என்று பொருள். மாநில சுயாட்சிக்காகப் பேசுகிற நாம் இந்தச் சிக்கலை மறைக்காமல் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஏனென்றால் நம் பக்கத்திலும் அதே முடிச்சு இருக்கிறது. இங்கே பள்ளி மாவட்டமும் இல்லை, சொத்து வரியில் பள்ளி நடத்துவதும் இல்லை, அதை அப்படியே பொருத்தக் கூடாது. ஆனால் மேலிருந்து வரும் வாக்குறுதியும் கீழே நிற்கும் குழந்தையும் இருக்கிறார்கள். சமக்ர சிக்‌ஷா திட்டத்தில் ஒன்றிய அரசு 60, மாநிலம் 40. சிறப்புப் பயிற்றுநர்களின் ஊதியம், வீட்டுக்கு வந்து தரும் பயிற்சி, உபகரணங்கள் எல்லாம் இந்தப் பானையில்தான். மாற்றுத்திறனாளி குழந்தை ஒன்றுக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் வரை என்பது திட்டத்தின் அளவு. 2024-25இல் பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்பதற்காகத் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தியது. மும்மொழித் திணிப்புக்கு எதிராக நாம் பேசினோம், பேச வேண்டியதுதான். அந்தப் பானையில் யாருடைய சோறு இருந்தது என்று எத்தனை மேடையில் பேசினோம்?

பணத்தை நிறுத்தியது ஒன்றிய அரசு. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பற்றாக்குறை வந்தபோது எதில் கை வைப்பது என்பது சென்னையில் எடுக்கும் முடிவு. தொடக்கப் பள்ளியில் 10 மாற்றுத்திறனாளி குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், நடுநிலை வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று 2022இலேயே ஒன்றிய அரசு அறிவித்துவிட்டது. நம்முடைய சிறப்புப் பயிற்றுநர்களோ தொகுப்பூதியத்தில் பல பள்ளிகளுக்கு ஒருவராக அலைந்துகொண்டிருக்கிறார்கள். தனியார் சிகிச்சை மையத்துக்கு மணிக்கணக்கில் கட்டணம் கட்ட முடிந்த வீட்டுக்கு இது செய்தி மட்டும்தான். அரசுப் பள்ளியைத் தவிர வேறு வாசல் இல்லாத தலித், பழங்குடிக் குடும்பத்துக்கு அந்தப் பயிற்றுநர் வராத வாரம் என்பது பயிற்சியே இல்லாத வாரம்.

அதனால் ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் ஊர் வட்டார வள மையத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். கணக்கெடுப்பில் எத்தனை குழந்தைகள், அதில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர், பழங்குடியினர் எத்தனை பேர், பயிற்றுநர் பணியிடம் எத்தனை, நிரம்பியது எத்தனை, வீட்டுப் பயிற்சிக்கு ஒரு மாதத்தில் எத்தனை முறை போனார்கள், பணம் எவ்வளவு வந்தது, எந்த மாதம் வந்தது. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பிப்ரவரியில் வந்த பணமும் ஆண்டறிக்கையில் ஜூனில் வந்த பணம் மாதிரியேதான் இருக்கும்.

மனுவின் மாதிரி ஒன்றைத் தட்டச்சு செய்து கொண்டுவந்திருக்கிறேன். வெளியே மேசையில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். பதில் வந்தவர்கள் அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள், எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்ப்போம். ஜெய்பீம்.